துப்பறியும் நாவலையும் கவிதைத் தொகுப்பையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

கடைசிப்பக்கம்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த ஆண்டின் சிறந்த நூலைத் தேர்வு செய்யும் வேலை மூன்று பேரிடம் வந்திருக்கிறது. அதில் நானும் ஒருவன். இறுதிச் சுற்றில் ஐந்து நூல்கள்: ஒரு துப்பறியும் நாவல், ஒரு கவிதைத் தொகுப்பு, தொற்றுநோய்களின் வரலாறு, சிறுவர் படக்கதை, ஒரு அறிபுனை (அறிவியல் புனைகதை) நாவல். முடிவு வரும்வரை பெயர்களை வெளியில் சொல்வதில்லை என்று பேசியிருக்கிறோம், அதனால் இங்கும் சொல்லவில்லை.

மொழி, அமைப்பு, புதுமை, தாக்கம் என்று நான்கு தலைப்பு போட்டு, தலைப்புக்குப் பத்து மதிப்பெண் என்று வைத்துக்கொண்டோம். நாற்பதுக்கு நான் போட்டது: துப்பறியும் நாவல் 31, வரலாறு 31, கவிதை 29, அறிபுனை 28, படக்கதை 22. கூட்டி முடித்த பிறகு தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். துப்பறியும் நாவலும் வரலாற்று நூலும் சமம் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எந்த வகையில் சமம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. படக்கதைக்கு மொழியில் 4 போட்டிருக்கிறேன். அந்த நூலில் மொத்தமே முந்நூறு சொற்கள்தான் இருக்கும், அதனால் கை தானாக 4 என்று எழுதிவிட்டது. அது குறையா?

பல வகை நூல்களை விடாமல் வாசிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் எப்படி எடை போடுகிறீர்கள்?

தடயம்

முதல்ல அந்த 31-ஐ அடிச்சிடுங்க.

துப்பறியும் கதைக்கு "தாக்கம்"னு ஒரு தலைப்பு போட்டா என்ன மதிப்பெண் வந்தாலும் அர்த்தம் கிடையாது. அதுக்குன்னு முதல் கேள்வி ஒண்ணு இருக்கு: எழுதினவர் நம்மகிட்ட நேர்மையா விளையாடினாரா? ரொனால்ட் நாக்ஸ்னு ஒருத்தர், பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதினவர். 1929-ல பத்து விதி எழுதி வச்சார். குற்றவாளி கதையோட தொடக்கப் பகுதியிலேயே வந்துடணும். துப்பறியிறவர் கையில கிடைக்கிற தடயம் வாசகர் கண்ணுக்கும் தெரிஞ்சாகணும். தற்செயலா ஒண்ணு நடந்து அவரைக் காப்பாத்தக் கூடாது. எல்லா விதியும் இன்னிக்குச் செல்லாது, அதுல ஒண்ணு இனவெறி மாதிரியே இருக்கும். ஆனா அடியில இருக்கிற ஒப்பந்தம் இன்னும் உயிரோட இருக்கு.

அந்த ஒப்பந்தம் எவ்வளவு நுணுக்கமானதுன்னு பாக்கணும்னா, அகதா கிறிஸ்டியோட "தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்" 1926-ல வந்தப்போ நடந்த சண்டையைப் பாருங்க. முடிவு ஏமாத்து வேலைன்னு ஒரு பக்கம், எல்லாமே கண்ணு முன்னாடி வச்சிருக்காங்க, நீங்கதான் பாக்கலைன்னு இன்னொரு பக்கம். (முடிவை நான் சொல்ல மாட்டேன், படிக்காதவங்க படிச்சுக்கோங்க.) 2013-ல பிரிட்டன் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் வாக்கெடுப்பு வச்சப்போ, இதுவரை வந்ததுலயே சிறந்த குற்றப்புனைவு நாவல்னு அதைத்தான் தேர்ந்தெடுத்தாங்க.

நான் செய்யிறது இதுதான். முடிச்சு அவிழ்ந்ததும் புத்தகத்தை மூடாம, முதல் நாலு அத்தியாயத்துக்குத் திரும்பிப் போவேன். தடயம் எங்க இருந்துச்சுன்னு விரல் வச்சுக் காட்ட முடியணும். நல்ல எழுத்தாளர் எப்படி ஒளிப்பார் தெரியுமா? மேசை மேல இருந்த அஞ்சு பொருளை வரிசையாச் சொல்லுவார், முக்கியமானது மூணாவதா இருக்கும். அடுத்த வரியிலயே ரெண்டு பேர் கத்திச் சண்டை போட ஆரம்பிப்பாங்க. நம்ம கவனம் சண்டைக்குப் போயிடும். பொருள் அங்கேயேதான் இருக்கும். அதைத் திரும்பிப் போய்ப் பாக்கிறப்போ ஒரு சிலிர்ப்பு வரும் பாருங்க, அதுக்குத்தான் நான் இந்த வகையைப் படிக்கிறேன்.

வால்மீன்

தடயம் அக்கா சொல்வது அறிபுனைக்கும் அப்படியே பொருந்தும். அங்கே ஒப்பந்தம் வேறு, அவ்வளவுதான். நம் உலகத்தில் இல்லாத ஒன்றை ஆசிரியர் கேட்கிறார், நாம் கொடுக்கிறோம். நினைத்த இடத்துக்கு ஒரு நொடியில் போகலாம் என்றால், சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த உலகத்தில் பூட்டுக்கு என்ன வேலை, சிறைக்கு என்ன வேலை, தூரத்து ஊரில் இருக்கிற அம்மாவைப் பார்க்கப் போகாமல் இருப்பவன் இனி என்ன சாக்குச் சொல்வான், இதையெல்லாம் அவர் யோசித்திருக்க வேண்டும். கதவுகள் எல்லாம் வழக்கம்போலப் பூட்டியே இருந்தால் நான் அந்த நூலை அங்கேயே வைத்துவிடுவேன்.

பழஞ்சுவடி

அன்பர் கடைசிப்பக்கத்துக்கு வணக்கம். நாற்பது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நூலை மதிப்பிட நம் மொழியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், தன் முன்னுரையான பாயிரத்திலேயே நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்துவிடுகிறது.

குற்றங்கள் இவை: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை.

ஒவ்வொரு பெயரையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். "சென்று தேய்ந்து இறுதல்": தொடக்கத்தில் மிடுக்காகப் புறப்பட்டுப் போகப் போக மெலிந்து செத்துப்போவது. எத்தனை தொடர் நாவல்களின் மூன்றாம் பாகத்தை இந்த மூன்று சொல் பிடித்துவிடுகிறது! "மிகைபடக் கூறல்": பத்துப் பக்கக் கட்டுரையாக இருக்க வேண்டியதை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கும் தன்னம்பிக்கை நூல்களுக்கு வேறு விமர்சனமே தேவையில்லை. அழகுகளில் "முறையின் வைப்பு", "விளங்கு உதாரணத்தது ஆதல்", "ஆழமுடைத்தாதல்" எல்லாம் உண்டு. உங்கள் நான்கு தலைப்புக்குப் பதிலாக இந்த இருபதையும் வைத்துப் பார்க்கலாம்.

தடயம்

ஐயா, மன்னிக்கணும். பட்டியல் அருமை. ஆனா "மயங்க வைத்தல்" குற்றம்னு சொன்னா என் வகை முழுக்கக் குற்றவாளிக் கூண்டுல நிக்கணுமே! வாசகரை மயங்க வைக்கிறதுதான் அங்க கைத்திறமை. இதுவா அதுவான்னு கடைசி வரைக்கும் தவிக்க விடலைன்னா அது துப்பறியும் கதையே இல்ல.

மூன்றாம் அடுக்கு

நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தடயம் கேட்டதையே நானும் கேட்கிறேன், வேறு பக்கத்திலிருந்து. "கூறியது கூறல்" குற்றமென்றால் நல்ல படக்கதை ஒன்றுகூடத் தேறாது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரே வரி ஆறு இடத்தில் வர வேண்டும். மூன்றாவது முறை வரும்போது குழந்தை நம்மோடு சேர்ந்து சொல்லும். ஐந்தாவது முறை நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அது சொல்லிவிடும். ஆறாவது முறை ஆசிரியர் அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருப்பார். அப்போது குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! முதல் ஐந்து முறை சொல்லாமல் இருந்திருந்தால் ஆறாவதில் அந்தத் துள்ளல் வருமா?

கடைசிப்பக்கம், அந்த 4 மதிப்பெண் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடிப்பதால் இரண்டு ஃபாரத்தில் கச்சிதமாக முடியும், அதனால் வந்த கணக்கு. தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதைக்குக் கிடைப்பது பதின்மூன்று பதினான்கு விரிப்புகள்தான், அதாவது எதிரெதிராக விரியும் இரட்டைப் பக்கங்கள். எந்த இடத்தில் வரியை முறித்தால் குழந்தை பக்கத்தைப் புரட்டத் துடிக்கும் என்று கணக்குப் போட்டு எழுத வேண்டும். "கதவைத் திறந்து பார்த்தால்..." என்று வலப்பக்கத்தின் அடியில் நின்றால்தான் புரட்டும் கைக்கு வேலை. அதே சொற்கள் இடப்பக்கத்தில் விழுந்தால், பதில் எதிர்ப்பக்கப் படத்தில் ஏற்கெனவே தெரிந்துவிடும். கதை அங்கேயே செத்தது. படத்தில் இருப்பதைச் சொல்லில் திரும்பச் சொல்லக்கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. முந்நூறு சொல் என்பது குறைவான மொழி இல்லை. ஒரு சொல்கூடத் தப்ப முடியாத மொழி.

மௌனமாகப் படித்து மதிப்பெண் போட்டீர்களா? ஒரு குழந்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினீர்களா?

கடைசிப்பக்கம்

மௌனமாகத்தான் படித்தேன். எட்டு நிமிடத்தில் முடித்தேன். இப்போது அது எனக்கே உறுத்துகிறது.

பழஞ்சுவடி

தடயம் அம்மாவும் நூலகத்துத் தோழியும் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். அவர்கள் சொல்வது சரி. பவணந்தியார் வகுத்தது கற்பிக்கும் நூலுக்கு. இலக்கணமும் சாத்திரமும் படிப்பவரை மயங்க வைத்தால் குற்றமேதான். அதைக் கதைக்குமேல் அப்படியே தூக்கி வைத்தது என் அவசரம்.

ஆனால் பட்டியலை விட்டுவிட எனக்கு மனமில்லை. கடைசிக் குற்றத்தை இன்னொரு முறை பாருங்கள். "நின்று பயனின்மை". சொல் அங்கே நிற்கிறது, நிற்பதால் ஒரு பயனும் இல்லை. மற்ற ஒன்பதும் இதன் வாயில்தான் வந்து விழுகின்றன என்று எனக்கு இப்போது படுகிறது. படக்கதையில் ஆறு முறை வரும் வரிக்குப் பயன் இருக்கிறது, ஆகவே அது கூறியது கூறல் ஆகாது. துப்பறியும் கதையின் மயக்கத்துக்கு வேலை இருக்கிறது, கடைசியில் தெளிகிறது, ஆகவே குற்றமாகாது. தெளியாமலே போனால்? அப்போது மயங்க வைத்தல்தான்.

இன்னொன்று. பாயிரத்தில் எட்டுச் செய்திகள் வர வேண்டும் என்கிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். கடைசி மூன்றையும் கவனியுங்கள். எதைப் பற்றிச் சொல்ல வந்தது, யாருக்குச் சொல்ல வந்தது, அதனால் என்ன விளையும். வால்மீன் "ஒப்பந்தம்" என்று சொன்னாரே, அது இந்த மூன்றும்தான். இவற்றுக்குப் பதில் எழுதாமல் எந்த நூலுக்கும் மதிப்பெண் போடக் கூடாது என்று நினைக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்ல வந்த நூலை, ஐம்பது வயதுக்காரர் தனக்குச் சொன்னதாக எண்ணிக்கொண்டு எடை போட்டிருக்கிறார். தவறு தராசில் இல்லை, தட்டில் வைத்த விதத்தில்.

வால்மீன்

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

அடிக்குறிப்பு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் ஒப்பந்தம், பயன் என்று பேசும்போது ஒன்று விட்டுப்போகிறது. வரலாற்று நூல் தன் வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் மற்றதைப் போன்றதில்லை. அங்கே மூன்றாவதாக ஒரு தரப்பு இருக்கிறது. செத்துப்போனவர்கள். அவர்கள் எழுந்துவந்து "அப்படி நடக்கவில்லை" என்று சொல்ல முடியாது. எழுதியவரும் வாசிப்பவரும் முழு மகிழ்ச்சியோடு கைகுலுக்கிக்கொண்டு ஒரு பொய்யைக் கொண்டாட முடியும். நாவலில் அதற்குப் பெயர் கற்பனை. இங்கே அது குற்றம்.

உங்கள் பட்டியலில் இருப்பது தொற்றுநோய் வரலாறு என்பதால் ஒரு சோதனை சொல்கிறேன். லண்டன் சோஹோவில் 1854-இல் நடந்த காலரா பற்றி அதில் கட்டாயம் வரும். மருத்துவர் ஜான் ஸ்னோ, சாவு நடந்த வீடுகளைத் தேடிப்போய் விசாரித்து, பிராட் தெருக் கிணற்றின் அடிகுழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று கண்டார். செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இதுவரை எல்லா நூலும் சொல்லும். அடுத்த வரியைப் பாருங்கள். "கைப்பிடி கழன்றது, காலரா நின்றது" என்று இருந்தால் அந்த நூல் கதை சொல்கிறது என்று பொருள். உண்மையில் அதற்குள் சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. மக்களில் பெரும்பகுதி பயந்து ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். இதை 1855-இல் ஸ்னோவே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கிணற்றில் நஞ்சு அப்போதும் இருந்ததா, இல்லையா என்று முடிவுகட்ட முடியாது என்றும் சொல்கிறார்.

தன் வெற்றிக் கதையைத் தானே பாதியாகக் குறைத்துச் சொன்ன மனிதர் அவர். அந்த நேர்மையை விழுங்கிவிட்டு அவரை நாயகனாக்கும் நூலுக்கு, நடை எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும், நான் பரிந்துரை தர மாட்டேன்.

பொதுவான வழியும் ஒன்று உண்டு. நூலில் உங்களை மிகவும் அசத்திய வாக்கியத்தை எடுங்கள். அதன் குறிப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். குறிப்பு இன்னொரு பொதுவாசிப்பு நூலைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும், கடைசியில் ஆதாரமே இல்லாத ஒரு பத்தியில் போய் முட்டிக்கொள்வீர்கள். எனக்கு அடிக்கடி நடக்கிறது. அசத்தல் அதிகமாக அதிகமாக ஆதாரம் மெலிகிறது என்பது என் அனுபவம்.

கடைசிப்பக்கம்

அடிக்குறிப்பு, இப்போதே எடுத்துப் பார்த்தேன். எங்கள் நூலில் சாவு ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்ததைச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு முழுப் பத்தி. முதல் வாசிப்பில் "வேகம் குறைகிறது" என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து, அமைப்பில் இரண்டு மதிப்பெண் வெட்டியது அந்தப் பத்திக்குத்தான்! மனசு கனத்துப் போயிற்று.

கவிதைத் தொகுப்புதான் இன்னும் பிடிபடவில்லை. அதில் 29 எப்படி வந்தது என்று எனக்கே புரியவில்லை.

ஒற்றெழுத்து

கவிதைக்கு என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கவிதையை எடுத்து, வரி முறிப்பையெல்லாம் நீக்கி, உரைநடைப் பத்தியாக ஒரு தாளில் எழுதுவேன். எழுதி முடித்ததும் ஒன்றும் இழக்கவில்லை என்றால் அது உரைநடையாகவே இருந்திருக்கலாம். ஓர் இடத்தில் மூச்சு முட்டினால், ஒரு சொல் அடுத்த சொல்லோடு ஒட்ட மறுத்தால், அங்கே கவிதை இருக்கிறது. பிறகு மூலத்தைப் பார்க்காமல் நானே வரி முறித்துப் பார்ப்பேன். கவிஞர் முறித்த இடமும் நான் முறித்த இடமும் வேறாக இருந்தால், ஏன் அங்கே முறித்தார் என்ற கேள்வியிலேயே அந்த நாள் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கில இலக்கிய விமர்சகர் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயர் போடாமல் பதின்மூன்று கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அதை வைத்து 1929-இல் ஒரு நூலே எழுதினார். இலக்கியம் படிக்கிற மாணவர்களே தடுமாறினார்கள். ஆங்கிலத்தின் பெருங்கவிஞர்களில் ஒருவரான ஜான் டன் எழுதிய கவிதையைப் பலர் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: கவிதை எழுப்பிய உணர்ச்சி வேறு, கவிதைக்கு முன்பே என்னிடம் தயாராக இருந்த உணர்ச்சி வேறு. அம்மா என்ற சொல் வந்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். அதற்குக் கவிஞர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "தாக்கம்" என்ற தலைப்பில் நீங்கள் போட்ட எண் எந்த உணர்ச்சிக்கு?

வால்மீன்

இவ்வளவு பேசியும் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறதே. ஐந்து நூலும் தத்தம் ஒப்பந்தத்தை முழுதாக நிறைவேற்றிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? ஒப்பந்தத்திலேயே பெரிது சிறிது உண்டா?

தடயம்

உண்டுன்னு சொல்ற ஆளுங்களால என் வாழ்நாள் முழுக்கக் காயப்பட்டிருக்கேன். "பொழுதுபோக்குக்குப் படிக்கிறீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல பதினொரு ராத்திரி உட்கார்ந்திருந்தப்போ என்னைத் தூக்கிப் பிடிச்சது ஒரு துப்பறியும் நாவல் வரிசை. உலகத்துல ஏதோ ஒரு முடிச்சாவது கடைசியில அவிழும்கிற நம்பிக்கை எனக்கு அப்போ வேற எங்கயும் கிடைக்கல. அதைச் சின்ன ஒப்பந்தம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

பழஞ்சுவடி

அம்மா, அதைச் சிறிது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் "விழுமியது பயத்தல்" என்பதையும் அழகுகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்களே. சிறந்ததைத் தருதல். பிழையே இல்லாமல் செய்யப்பட்ட நூல்கள் பலவற்றை மெய்ப்புத் திருத்தி அனுப்பிவிட்டு, மறுநாள் ஒரு வரிகூட நினைவில்லாமல் இருந்திருக்கிறேன். ஒப்பந்தம் நிறைவேறியது, ஒன்றும் மிச்சமில்லை. வேறு சில நூல்கள் பாதியில் தடுக்கி விழுந்தவை, ஆனால் முப்பது ஆண்டாக என்னோடு நடக்கின்றன. ஆகவே விழுமியது என்பதை வகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நூலைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பேன். வராந்தாவில் உங்களைத் தாங்கிய நூல் விழுமியதைப் பயந்த நூல்தான்.

அடிக்குறிப்பு

இதில் ஐயாவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நினைவில் நிற்பது தரத்துக்குச் சான்று என்றால், பொய்யான வரலாறுதான் மிக நன்றாக நினைவில் நிற்கிறது. கைப்பிடிக் கதையையே பாருங்கள்.

மூன்றாம் அடுக்கு

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். அறிபுனைக்கான ஹியூகோ விருது வாக்குச்சீட்டில், போட்டியிடும் படைப்புகளோடு "விருது யாருக்கும் இல்லை" என்பதும் ஒரு தேர்வாக இருக்கும். வாக்களிப்பவர்கள் மதிப்பெண் போடுவதில்லை, வரிசைப்படுத்துகிறார்கள். நீங்களும் எண்ணை விட்டுவிட்டு வரிசையாக எழுதுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம் காரணத்தோடு. மூன்று பேரும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். காரணம் எழுதவே வராத நூல் எது என்று அப்போது தெரிந்துவிடும்.

கடைசிப்பக்கம்

நான்கு நாள் கழித்து வருகிறேன். பழைய தாளைக் கிழித்துவிட்டேன். மற்ற இருவரிடமும் பேசினேன், எண் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு நூலுக்கும் முதலில் மூன்று வரி: எதைப் பற்றி, யாருக்கு, என்ன விளையும். பிறகுதான் மற்றதெல்லாம்.

துப்பறியும் நாவலின் முதல் நான்கு அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் 212-ஆம் பக்கத்தில்தான் முதல்முறை வருகிறது. அதற்கு முன்னால் அப்படி ஒன்று இருப்பதற்கான சாயல்கூட இல்லை. வரிவரியாகத் தேடினேன், விரல் வைக்க ஓர் இடமும் கிடைக்கவில்லை. படிக்கும்போது அதை நான் உணரவே இல்லை, நடை அப்படி இழுத்துக்கொண்டு போனது. முதலிடத்திலிருந்து அதை இறக்கிவிட்டேன். தடயம் அக்கா, உங்கள் வகையை இறக்கவில்லை, அந்த வகையின் சொல்லைக் காப்பாற்றாத ஒரு நூலை இறக்கினேன்.

அறிபுனையில் பூட்டுகள் சரியாகவே இருந்தன. நான்காம் இடம்.

கவிதைகளில் ஆறை உரைநடையாக எழுதிப் பார்த்தேன். நான்கு கவிதைகள் எதையும் இழக்கவில்லை. ஐந்தாவதில், "வீடு" என்ற சொல்லுக்குப் பின் கவிஞர் விட்டிருந்த வெற்றிடத்தை மூடியதும் பொருளே மாறிவிட்டது. அடுத்த வரியின் "இல்லை" நேராக வீட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. மூலத்தில் அந்த "இல்லை" வேறொருவருக்குச் சொன்ன பதில். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்றுதான் அங்கே முறித்திருக்கிறார். அந்த ஒரு கவிதைக்காகத் தொகுப்பு முழுவதையும் மறுபடி வாசிக்கிறேன்.

இப்போதைக்கு வரலாறு முன்னால் நிற்கிறது, அந்த வேகம் குறைந்த பத்தியோடு. படக்கதைக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. அண்ணன் மகளுக்கு ஆறு வயது, இன்று மாலை வருகிறாள். அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.